தூய இனக் கோழியை இனத்தரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகுக் கோழி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. கொண்டை, கால், வால், எடை, கடைசியில் "பரிசு ஏன் கிடைக்கவில்லை" என்ற ஆதங்கம். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நம் ஊரில் விற்கப்படும் வெளிநாட்டு இனங்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் தரநூலிலும் பிரிட்டிஷ் தரநூலிலும் எழுதப்பட்டிருப்பதால், பதில்கள் அந்த இரண்டையும் ஒட்டியே செல்கின்றன.

இனத்தரம் என்பது என்ன? அதை யார் எழுதி வைத்தார்கள்?

ஓர் இனத்தின் மிகச் சிறந்த சேவலும் பெட்டையும் எப்படி இருக்க வேண்டும் என்று கொண்டை முதல் கால் நகம் வரை எழுதி வைத்த விவரணைதான் இனத்தரம். முதுகின் நீளம், வால் நிற்கும் கோணம், கொண்டையின் வகை, கண்ணின் நிறம், காலின் நிறம், எடை எல்லாமே அதில் இருக்கும். உயிரோடு இருக்கும் எந்தக் கோழியும் அதை முழுதாக எட்டுவதில்லை. யார் அதிகம் நெருங்கியிருக்கிறார் என்பதுதான் போட்டி.

1845இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் உள்ள விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த பெரிய உடல் கோழிகளைப் பார்க்க அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதியது. எழுதப்பட்ட அளவுகோல் இல்லாத இடத்தில் நடுவரின் விருப்பமே சட்டமாகிவிடும். அதைத் தவிர்க்க 1865இல் இங்கிலாந்தில் முதல் தரநூல் வெளியானது. 1873இல் பஃபலோ நகரில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே தன் தரநூலை வெளியிட்டது. அது திருத்தங்களோடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

தூய இனம் என்பதற்குச் சான்றிதழ் உண்டா? நாய்க்குக் கொடுப்பதைப் போலக் கேட்டு வாங்கலாமா?

கோழிக்கு அந்த வழக்கம் இல்லை. கண்காட்சிக் கூண்டில் நிற்கும் கோழியின் தாய் தந்தை யார் என்று நடுவர் கேட்பதில்லை. எதிரில் நிற்கும் உடலை மட்டுமே அவர் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்கிறார்.

வாங்குபவருக்கு உள்ள ஒரே நல்ல சோதனை குஞ்சுகள்தான். தலைமுறை தலைமுறையாகக் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே வருகின்றன என்றால் அந்த வரிசை தூயது என்று நம்பலாம். ஆகவே விற்பவரிடம் தாய்க்கோழியையும் சேவலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். போன ஆண்டுக் குஞ்சுகள் வளர்ந்து நிற்கின்றனவா என்று கேட்டு அவற்றையும் பாருங்கள். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நீல நிறம் பற்றிய கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இனம் என்பதற்கும் வகை என்பதற்கும் என்ன வேறுபாடு?

உருவம் இனத்தைச் சொல்கிறது, நிறம் வகையைச் சொல்கிறது. கண்காட்சிக்காரர்களிடம் பல காலமாகப் புழங்கும் பேச்சு இது. வெள்ளை பிளைமவுத் ராக், வெள்ளை வயண்டாட், வெள்ளை லெகார்ன் மூன்றும் ஒரே நிறம்தான். ஆனால் இரவில் விளக்கொளியில் நிழலாகத் தெரிந்தாலும் பழகிய கண் மூன்றையும் பிரித்துவிடும். வயண்டாட் எங்கு பார்த்தாலும் வளைவாக, உருண்டையாக இருக்கும். ராக் நீண்ட முதுகும் ஆழமான நெஞ்சும் கொண்டது. லெகார்ன் மெலிந்து, துடிப்பாக நிற்கும். ரோட் ஐலண்ட் ரெட்டின் உடலைப் பக்கவாட்டில் பார்த்தால் நீள்சதுரம் தெரிய வேண்டும்.

புதிதாக வளர்க்கத் தொடங்கும் பலர் நிறத்தில் மயங்கி உருவத்தை விட்டுவிடுகிறார்கள். நிறத்தைச் சில தலைமுறைகளில் திருத்திக்கொள்ளலாம். குறுகிப்போன முதுகை மீட்டெடுக்க வெகுகாலம் ஆகும்.

நடுவர் கோழியை எந்த வரிசையில் பார்க்கிறார்? நாங்களும் வீட்டில் அப்படியே பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். முதலில் கூண்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, கோழி அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும். அதன் நிலை, முதுகின் கோடு, வாலின் கோணம், கால்களின் இடைவெளி எல்லாம் அப்போதுதான் தெரியும். கையில் எடுத்தபின் உருவத்தைப் பார்க்க முடியாது. பயந்துபோன கோழி உடலை ஒடுக்கிக்கொள்ளும், வாலை மடக்கிக்கொள்ளும். ஆகவே இந்த முதல் நிலையில் அவசரப்படுபவர் எல்லாவற்றையும் தவறாகப் பார்ப்பார்.

பிறகு கையில் எடுப்பது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் நுழைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு விரலை வைத்துக் கால்களைப் பிடித்துக்கொண்டு, உடல் எடை உள்ளங்கையிலும் முன்கையிலும் தங்கும்படி எடுக்க வேண்டும். கூண்டிலிருந்து எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் தலை முதலில் செல்ல வேண்டும். இல்லையென்றால் இறக்கை கம்பியில் மாட்டி இறகு முறியும்.

கையில் வந்ததும் தலையிலிருந்து தொடங்குங்கள். அலகு நேராகச் சேர்கிறதா, கண்கள் இரண்டும் ஒரே நிறமா, கொண்டை, தாடி, காது மடல். அடுத்து ஓர் இறக்கையை விரித்துப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. ஓர் இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடுவது பலரின் வழக்கம். குறை எப்போதும் பார்க்காத இறக்கையில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் கழுத்து இறகையும் முதுகு இறகையும் விலக்கி அடிப்பஞ்சின் நிறம், நெஞ்செலும்பின் நேர்மை, கால்கள், விரல்கள், கடைசியாக ஆசனவாயைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்பது. பேன் மொய்த்த கோழியோ, செதில் தூக்கிய காலோடு வரும் கோழியோ எவ்வளவு நல்ல உருவம் கொண்டிருந்தாலும் முன்னுக்கு வராது.

குறை என்பதும் தகுதி நீக்கம் என்பதும் ஒன்றா?

இல்லை. குறை என்றால் மதிப்பெண் குறையும். ஐந்து பற்கள் இருக்க வேண்டிய கொண்டையில் ஆறு இருந்தால் அது குறை. தகுதி நீக்கம் என்றால் அந்தக் கோழி அன்றைய போட்டியிலிருந்தே வெளியேறுகிறது. கொண்டையின் பக்கவாட்டில் தனியாக ஒரு முளை கிளம்பியிருந்தால் அது தகுதி நீக்கம். கோணல் வால், கூன் முதுகு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அலகு, இறக்கை பிளவு, விரல் எண்ணிக்கை மாறுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

பொதுவான தகுதி நீக்கங்கள் எல்லா இனங்களுக்கும் பொருந்தும். அதற்கு மேல் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. ஓர் இனத்தில் குறையாக இருப்பது இன்னோர் இனத்தில் கட்டாயமாக இருக்கலாம். உங்கள் இனத்தின் பக்கத்தைப் படிக்காமல் பொது அறிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கொண்டையில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் வகை. ஒற்றைக் கொண்டை கத்தி போல மெல்லியதாக, பற்களோடு நிற்கும். ரோஜாக் கொண்டை அகலமாக, மேலே சிறு மணிகளோடு, பின்னால் ஒரு கூர்முனையோடு இருக்கும். பட்டாணிக் கொண்டை மூன்று தாழ்ந்த வரிகளாகத் தலையோடு ஒட்டியிருக்கும். சில்க்கியில் காண்பது வால்நட் கொட்டையைப் போலத் தெரியும் வால்நட் வகை. இனத்துக்கு உரிய வகை இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை.

அடுத்து அதன் அமைப்பு. ரோட் ஐலண்ட் ரெட், லெகார்ன், பிளைமவுத் ராக் மூன்றின் ஒற்றைக் கொண்டைக்கும் ஐந்து பற்கள் வேண்டும், நடுப் பல் உயரமாக இருக்க வேண்டும். ரோஜாக் கொண்டையின் பின்முனை வயண்டாட்டில் தலையின் வளைவை ஒட்டிக் கீழ்நோக்கி வளையும், ஹாம்பர்க்கில் நேராகப் பின்னே நீளும். கொண்டையின் நடுவே குழி விழுந்திருக்கிறதா, பெருவிரல் அழுத்தியது போல மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் லெகார்ன் பெட்டையின் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. வெட்டிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். லெகார்ன் பெட்டையின் தரமே அதுதான். முதல் பல் நிமிர்ந்து நிற்க, மீதி ஒரு பக்கமாக மடிந்து விழ வேண்டும். லெகார்ன் சேவலின் கொண்டை மட்டுமே நேராக நிற்க வேண்டும். சேவலுக்கு அது மடிந்து விழுந்தால் தகுதி நீக்கம் வரை போகும். சேவலும் பெட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது.

ரோட் ஐலண்ட் ரெட் வாங்கினேன், காது மடலில் வெள்ளை தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

ரோட் ஐலண்ட் ரெட்டின் காது மடல் சிவப்பாக இருக்க வேண்டும். தெளிவான வெள்ளை இருந்தால் அமெரிக்கத் தரப்படி தகுதி நீக்கம். எங்கோ ஒரு தலைமுறையில் லெகார்ன் போன்ற வெள்ளை மடல் இனம் கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் குளிராலும் காயத்தாலும் வெளிறிய மடலை வெள்ளை மடல் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான வெள்ளை, எனாமல் பூசியது போல அடர்த்தியாக இருக்கும்.

லெகார்னுக்கு நேர்மாறு. மடல் வெள்ளை, முகம் சிவப்பு. மடலில் சிவப்புப் படர்ந்தாலும் குறை, மடலின் வெள்ளை முகத்துக்கு ஏறினாலும் குறை. வயதான சேவல்களிடம் வெள்ளை முகத்துக்கு ஏறுவது சாதாரணம், இளஞ்சேவலிடம் அதைப் பார்த்தால் அந்த வரிசையையே சந்தேகப்பட வேண்டும்.

வெள்ளை மடல் கோழி வெள்ளை முட்டை, சிவப்பு மடல் கோழி பழுப்பு முட்டை என்கிறார்களே?

பல இனங்களுக்குப் பொருந்தும், விதி இல்லை. டார்க்கிங்கின் மடல் சிவப்பு, முட்டை வெள்ளை. சில்க்கியின் மடல் நீலப் பச்சை, முட்டை இளம் பழுப்பு. முட்டையின் நிறத்தை வைத்து இனத்தை உறுதிசெய்ய முடியாது.

என் சில்க்கிக்கு ஐந்து விரல்கள். ஊனமா?

சில்க்கிக்கு ஐந்துதான் வேண்டும். நான்கு இருந்தால்தான் தகுதி நீக்கம். டார்க்கிங், ஹவுடான், ஃபேவரோல், சுல்தான் ஆகிய இனங்களுக்கும் ஐந்து விரல்கள். ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லாவே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஐந்து விரல் கோழிகளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். ஐந்தாம் விரல் நான்காவதோடு ஒட்டாமல், தனியாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மற்ற இனங்களுக்கு நான்கு.

காலில் ஒரே ஒரு சின்ன இறகு முளைத்திருக்கிறது. பிடுங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?

பழகிய நடுவருக்குத் தெரியும். பிடுங்கிய இடத்தில் செதிலுக்கு அடியில் சிறு குழி இருக்கும், அதற்காகவே அவர் காலையும் விரல் இடுக்கையும் தடவிப் பார்க்கிறார். மொட்டைக் கால் இனத்தில் அந்த முளை ஒரு தகுதி நீக்கம். அதைப் பிடுங்கி மறைப்பது ஏமாற்று, அதுவும் தகுதி நீக்கம். கொண்டையைச் சீவுவது, மடலுக்குச் சாயம் பூசுவது, தவறான நிற இறகைப் பிடுங்குவது எல்லாம் இதில் அடங்கும்.

பரிசை விடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோழியை யாரோ நம்பி வாங்கிப் போவார். அவருடைய குஞ்சுகளில் அந்த முளை வரும்போது காரணமே தெரியாமல் தவிப்பார்.

அப்படியென்றால் கண்காட்சிக்கு முன் குளிப்பாட்டுவதும் ஏமாற்றா?

இல்லை. வெதுவெதுப்பான நீரில் கழுவுவது, நகத்தையும் மிகையாக வளர்ந்த அலகு நுனியையும் அளவாக வெட்டுவது, கொண்டையிலும் காலிலும் மெல்லியதாக வாசலின் தடவுவது எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. உள்ளதைச் சுத்தமாகக் காட்டுவது வேறு, இல்லாததைக் காட்டுவது வேறு. போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கழுவிவிடுங்கள். இறகு தன் எண்ணெய்ப் பசையை மீண்டும் பெற்று ஒழுங்காகப் படிய அந்த அவகாசம் தேவை.

வால் கொஞ்சம் ஒரு பக்கமாகப் போகிறது. கூண்டு சிறியதாக இருந்ததால் அப்படி நிற்கிறதா?

விசாலமான இடத்தில் விட்டு, பின்னாலிருந்து பாருங்கள். நடக்கும்போதும் நிற்கும்போதும் வால் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது கோணல் வால். ஒருமுறை இடதும் மறுமுறை வலதும் போனால் கோழி திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். சந்தேகம் தீரவில்லை என்றால் வாலின் அடியெலும்பை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு நேராக இருந்து இறகு மட்டும் சாய்ந்தால் மீண்டும் இறகு முளைக்கும்போது சரியாகலாம்.

இன்னொன்று அணில் வால். வால் செங்குத்தைத் தாண்டி முன்னோக்கித் தலைப் பக்கம் சாய்வது. பெரும்பாலான இனங்களில் இது தகுதி நீக்கம். ஜப்பானியப் பேண்டம் என்ற குள்ளக் கோழி இனத்தில் மட்டும் வால் அப்படி உயர்ந்து தலையை நெருங்கி நிற்பதே அழகு.

இறக்கையை விரித்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது. இறகு உதிர்ந்ததா, குறையா?

இறக்கையின் வெளிப்பகுதியில் நீண்ட பறக்கும் இறகுகள், உட்பகுதியில் அடுத்த தொகுதி. இரண்டுக்கும் நடுவே குட்டையாக ஓர் இறகு இருக்கும். அந்த இடத்தில் நிரந்தரமாக இடைவெளி விழுவதே இறக்கைப் பிளவு. உதிர்ந்த இறகென்றால் தோலில் புதுக் குருத்து தெரியும், சில வாரங்களில் நிரம்பிவிடும். ஆகவே இறகு உதிர்க்கும் காலத்தில் முடிவு செய்யாமல் முழு இறகு வந்தபின் பாருங்கள். பிளவு பரம்பரையாக வருவது. அந்தக் கோழியைச் சேர்க்கைக்கு வைக்க வேண்டாம்.

மடித்த இறக்கையில் வெளி இறகுகள் உள்ளே அடங்காமல் வெளியே தொங்குவது வேறொரு குறை. அதைப் பார்க்கக் கோழியைக் கையில் எடுக்கவே தேவையில்லை.

நெஞ்செலும்பு வளைந்திருக்கிறது, விரல் கோணியிருக்கிறது. இவையெல்லாம் பரம்பரையா, நாங்கள் வளர்த்த விதமா?

இரண்டும் கலந்தே வரும். நெஞ்செலும்பு இளம் வயதில் குருத்தெலும்பாக இருக்கும். அந்த வயதில் மெல்லிய கம்பில் உட்கார்ந்து தூங்கினால் அழுந்தி வளையும். கனமான இனங்களுக்கு இது விரைவில் நேரும். கோணல் விரலுக்குக் குஞ்சு பொரிப்பானின் வெப்பத் தவறோ, குஞ்சுகளை வழுக்கும் தரையில் விட்டதோ காரணமாகலாம். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு குஞ்சு கணுக்காலில் நடந்தால் வைட்டமின் பி2 குறைவை நினைக்க வேண்டும்.

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஒரே கூண்டில் வளர்ந்த வெவ்வேறு பெற்றோரின் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் வந்தால் வளர்ப்பைப் பாருங்கள். ஒரே சேவலின் குஞ்சுகளுக்கு மட்டும், ஆண்டுதோறும் வந்தால் அந்தச் சேவலைப் பாருங்கள். கூண்டில் நிற்கும் கோழிக்கு நடுவர் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடியாது. அவருக்கு வளைவு வளைவுதான். வளர்ப்பவருக்கோ இந்த வேறுபாடே முக்கியம்.

மஞ்சள் காலோடு வாங்கிய கோழியின் கால் வெளுத்துவிட்டது. நிறம் கலப்படமா?

நன்றாக முட்டையிடுகிறது என்று பொருள். தீவனத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் உடல் வெளுக்கிறது. முதலில் ஆசனவாயைச் சுற்றி, பிறகு கண் வளையம், காது மடல், அலகு, கடைசியாகக் கால். முட்டையிடுவதை நிறுத்தினால் அதே வரிசையில் நிறம் திரும்பி வரும். அனுபவமுள்ள நடுவர் முட்டையிடும் பெட்டையின் வெளுத்த காலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். சேவலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வெள்ளைக் கோழியின் முதுகு மஞ்சள் பாய்ந்து தெரிகிறது, ஏன்?

வெயிலும் மக்காச்சோளமும் முக்கியக் காரணங்கள். சேவலின் கழுத்திலும் முதுகிலும் அதிகம் தெரியும். கழுவினால் போகாது, அடுத்த இறகு மாற்றத்தில்தான் போகும். புது இறகு முளைக்கும் மாதங்களில் நிழலில் வைத்து, மக்காச்சோளத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் மஞ்சளாகவே வந்தால் அது வரிசையிலேயே இருக்கும் குறை.

பிரம்மா என்று சொல்லி விற்றார்கள். கால் நிறைய இறகு இருக்கிறது. பிரம்மாதானே?

கால் இறகு மட்டும் போதாது. முதலில் கொண்டையைப் பாருங்கள். பிரம்மாவுக்குப் பட்டாணிக் கொண்டை வேண்டும். ஒற்றைக் கொண்டை என்றால் அது கால் இறகுள்ள இன்னோர் இனமான கொச்சினாகவோ கலப்பாகவோ இருக்கலாம். அடுத்து தலை: பிரம்மாவின் புருவம் முன்னோக்கித் துருத்தி, கண்ணுக்குக் கூரை போல் நிற்கும். உடல் உயரமாக, நிமிர்ந்து இருக்கும். கொச்சின் தாழ்ந்து, பஞ்சுருண்டையாகத் தெரியும். கால் இறகு வெளி விரலோடு நடு விரலிலும் இருக்க வேண்டும். கணுக்கால் மூட்டிலிருந்து விறைப்பான இறகுகள் கத்தி போலப் பின்னோக்கி நீட்டினால் அமெரிக்கத் தரப்படி தகுதி நீக்கம்.

எடையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தரப்படி வெளிர் பிரம்மாச் சேவல் 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ. பெட்டை 9.5 பவுண்டு, சுமார் 4.3 கிலோ. சந்தையில் மூன்று கிலோச் சேவலைப் பிரம்மா என்று பெரிய விலைக்குக் கொடுக்கிறார்கள். பிரம்மபுத்திராவின் பெயரைத் தாங்கினாலும் இந்த இனம் உருப்பெற்றது அமெரிக்காவில். 1852இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற அமெரிக்கர் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய கோழிகள்தான் இதற்குப் பெரும்புகழ் கொடுத்தன. அந்தப் புகழுக்குக் காரணமே உடலின் பெரிய அளவு. அது இல்லாத பிரம்மாவை நான் பிரம்மா என்று ஏற்கமாட்டேன்.

எடை எல்லா வயதுக்கும் ஒன்றா?

இல்லை. ஒரு வயது நிறைந்தால் சேவல், பெட்டை. அதற்குக் கீழ் இளஞ்சேவல், விடைக்கோழி. நான்குக்கும் தனித்தனி எடை. ரோட் ஐலண்ட் ரெட் சேவல் 8.5 பவுண்டு, இளஞ்சேவல் 7.5, பெட்டை 6.5, விடை 5.5. ஒரு பவுண்டு 450 கிராமுக்குச் சற்று அதிகம் என்று வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கையில் தூக்கும்போது கொழுப்பின் கனத்தையும் சதையின் கனத்தையும் பிரித்துணரப் பழகுங்கள்.

தாய், தந்தை இரண்டும் ரோஜாக் கொண்டை வயண்டாட். குஞ்சுகளில் சில ஒற்றைக் கொண்டை. யார் ஏமாற்றினார்கள்?

யாரும் ஏமாற்றியிருக்கத் தேவையில்லை. ரோஜாக் கொண்டை ஓங்கிய பண்பு. ஒரு பக்கம் மட்டும் அந்த மரபணு இருந்தாலும் கொண்டை ரோஜாவாகவே தெரியும். பெற்றோர் இருவரிடமும் ஒற்றைக் கொண்டை மரபணு மறைந்திருந்தால் குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கு ஒற்றைக் கொண்டையோடு வரும். அந்தக் குஞ்சைக் கண்காட்சியில் வைத்தால் தகுதி நீக்கம்.

150 ஆண்டுகளாகக் கழித்தும் இது ஏன் ஒழியவில்லை என்பதுதான் சுவையான விஷயம். இரண்டு பக்கமும் ரோஜா மரபணு உள்ள சேவல்களுக்குக் கருவூட்டும் திறன் குறைவு. ஒற்றை மரபணுவை மறைத்து வைத்திருக்கும் சேவல் அதே கூட்டத்தில் அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது. 2012இல் வெளியான மரபணு ஆய்வு, ரோஜாக் கொண்டையைத் தரும் அதே மாற்றம் விந்தணுவைப் பாதிக்கும் ஒரு மரபணுவையும் உடைக்கிறது என்று காட்டியது. ஆகவே நல்ல வயண்டாட் கூட்டத்தில் அவ்வப்போது ஒற்றைக் கொண்டை தலைகாட்டினால் பதறாதீர்கள். உருவம் சிறப்பாக இருக்கும் ஒற்றைக் கொண்டைப் பெட்டையை ரோஜாக் கொண்டைச் சேவலோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

நீலச் சேவலும் நீலப் பெட்டையும் சேர்த்தேன். கறுப்புக் குஞ்சும், வெள்ளையில் நீலம் தெளித்தது போன்ற தெளிப்புக் குஞ்சும் வருகின்றன. தூய இனம் என்றீர்களே?

சான்றிதழ் பற்றிய பதிலில் சொன்ன விதிவிலக்கு இதுதான். நீலம் என்பது கறுப்பின் மேல் ஒரே ஒரு மரபணு வந்து உட்கார்ந்ததால் தெரியும் நிறம். இரண்டு நீலங்கள் சேர்ந்தால் சராசரியாகப் பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு தெளிப்பு. அண்டலூசியன் இனத்தின் தரம் நீலத்தையே கேட்கிறது. கறுப்பையும் தெளிப்பையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலமாக வரும்.

ஜப்பானியப் பேண்டத்தின் குட்டைக் காலும் இதே கணக்கு, ஆனால் கொடியது. இரண்டு பக்கமும் அந்த மரபணு கிடைத்த கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். நான்கில் ஒரு பங்கு பொரிக்காததற்குக் குஞ்சு பொரிப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை. நீளக் காலோடு வரும் உடன்பிறப்புகளைக் குட்டைக் காலோடு சேர்த்தால் இந்த இறப்பு நேராது. நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

வரி பிளைமவுத் ராக்கில் சேவல் வெளிர், பெட்டை அடர்த்தி. இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமாமே?

தரம் அப்படித்தான் கேட்கிறது. இயற்கை அதற்கு ஒத்துழைப்பதில்லை. வரி மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. இரண்டு இருக்கும் சேவலின் வெள்ளை வரி அகன்று வெளிர்ந்து தெரியும். அதனால் பழைய வளர்ப்பாளர்கள் கண்காட்சிச் சேவலுக்கு ஓர் அடர் வரிசை, கண்காட்சிப் பெட்டைக்கு ஒரு வெளிர் வரிசை என்று தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். வரி நேராக, கூர்மையாக ஓடுகிறதா, ஒவ்வோர் இறகின் நுனியும் கறுப்பு வரியில் முடிகிறதா என்று பார்ப்பது தொடங்குபவருக்குப் போதும்.

ஒரு குறைகூட இல்லாத என் கோழி இரண்டாம் இடம். இறக்கையில் ஒரு தவறான இறகு உள்ள கோழி முதலிடம். இது நியாயமா?

நியாயமாகவே இருக்கக்கூடும். குறை இல்லாமை வேறு, சிறப்பு வேறு. அகன்ற முதுகு, ஆழ்ந்த உடல், இனத்துக்கே உரிய நிலை எல்லாம் கொண்ட கோழியிடம் ஓர் இறகு தவறியிருந்தால் சிறு மதிப்பெண் போகும். எந்தக் குறையும் இல்லாமல் உருவமும் சப்பையாக இருக்கும் கோழி, மதிப்பெண்ணின் பெரும்பகுதியை முதலிலேயே இழந்திருக்கிறது. குறைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்பவர் நல்ல கோழிகளைத் தள்ளிவிட்டுச் சாதாரணக் கோழிகளுக்குப் பரிசு கொடுப்பார். அப்படிப்பட்ட தீர்ப்புகளால் இனங்களே மெலிந்துபோகும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் பெருவிடைச் சேவலை அசீல் என்ற சண்டைக்கோழி இனமாக அமெரிக்கத் தரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்?

எடையிலேயே வெளியேறிவிடும். அமெரிக்கத் தரநூல் அசீலை 1981இல் சேர்த்துக்கொண்டது. அதில் சேவலுக்கு 5.5 பவுண்டு, பெட்டைக்கு 4 பவுண்டு. அதாவது இரண்டரைக் கிலோச் சேவல். அங்கே விவரிக்கப்படுவது வட இந்திய வழியில் சென்ற சிறிய, குறுகத் தறித்த, கல்லாக இறுகிய உடல். நான்கு, ஐந்து கிலோ எடையோடு உயர்ந்து நிற்கும் நம் பெருவிடை அந்த விவரணைக்குள் அடங்காது. அடங்காதது அதன் குறை ஆகாது. அது வேறொரு கோழி. பட்டாணிக் கொண்டை, சிறுத்த தாடி, உடலோடு ஒட்டிய விறைப்பான இறகு ஆகியவை மட்டும் இரண்டுக்கும் பொது.

கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குத் தமிழ்நாட்டில் கண்காட்சிகள் நடக்கின்றன, திண்டுக்கல் பக்கம் அவற்றுக்குப் பெரும் கூட்டம் கூடும். அங்கே நடுவர்கள் குட்டையாக, தடித்து வளைந்த அலகையும் நீண்டு விரிந்த வாலையும் உடல் நிலையையும் பார்க்கிறார்கள். காகம், கீரி, மயில், செவலை என்று நிறப் பெயர்கள் தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றைத் தரமாக எழுத விரும்புபவர்கள் முதலில் நல்ல சேவல்களையும் பெட்டைகளையும் வயதுவாரியாக எடைபோட்டு, அலகின் வளைவையும் வாலின் நீளத்தையும் கால் உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். பெட்டைகளை விட்டுவிடாதீர்கள். சேவலை மட்டும் விவரிக்கும் தரத்தை வைத்துக்கொண்டு எந்த இனத்தையும் நிலைநிறுத்த முடியாது.